கோயில்காட்டுக்குள் ஒரு கோணிப்பை

எங்கள் கிணற்றில் புள்ளிமான் விழுந்தது ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில். அரும்பாவூரிலிருந்து பச்சைமலை அடிவாரத்துக்குப் போகும் மண்பாதையில் கடைசி நிலம் எங்களுடையது. தண்ணீர் இருந்தால் சின்ன வெங்காயம் போடுவோம், இல்லாவிட்டால் மக்காச்சோளம். கிணற்றைச் சுற்றிச் சுவர் கிடையாது. மலையில் ஊற்றெல்லாம் வற்றிப்போக, தண்ணீர் தேடி இறங்கிய மான் நேராக உள்ளே விழுந்துவிட்டது.

என் கணவரும் கொழுந்தனும் கயிறு கட்டி இறங்கினார்கள். தகவல் சொன்னதும் வனக்காப்பாளர் பைக்கில் வந்து சேர்ந்தார். கீழப்பழுவூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்குப் புதுசு. சாக்கில் வைத்துக் கட்டி மானை மேலே தூக்கியபோது உயிர் இருந்தது. ஆனால் பின்னங்கால் ஒன்றில் சதை வளையமாக அறுபட்டிருந்தது.

"கம்பிச் சுருக்குல மாட்டியிருக்கு. அத்துக்கிட்டு ஓடியாந்திருக்கு" என்றார் வனக்காப்பாளர்.

"மலைக்காரங்க வேலையாத்தான் சார் இருக்கும். வேற யாரு வெப்பா?" என்றான் கொழுந்தன்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். எங்களுக்கு மேலே மலைக்குள் சிறு சிறு குடியிருப்புகளாக இருக்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆண்டவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர். பொங்கலுக்கு வேட்டைக்குப் போவது அவர்கள் வழக்கம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தின் ஓரத்தில், சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த மலைக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். மானைப் பார்க்காமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மான் பிழைத்துக் காட்டுக்குப் போனது. அந்தச் சூட்டோடு வனக்காப்பாளர் ஒரு யோசனை சொன்னார். மலைக்காரர்களின் குடியிருப்பு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கோயில்காடு இருக்கிறது. சாமிக்கு விட்ட காடு என்பதால் ஒரு குச்சியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். மான், முயல், காட்டுக்கோழி எல்லாம் அங்கேதான் ஒண்டியிருக்கின்றன. அதன் விளிம்பில் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டால் அவை கீழே இறங்காது. மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும் சேர்ந்து ஒரு குழுவாக இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வேண்டும்.

குழுவில் நான் சேர்ந்தது மானுக்காக இல்லை. நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்களோ என்ற எண்ணம்தான். முதல் கூட்டத்திலேயே தெரிந்தது, அவர்களும் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று. அந்த மரவள்ளிக்காரியும் இருந்தாள். அவர்கள் ஊர்ப் பெரியவர் எடுத்தவுடனே கேட்டார், "தொட்டி கட்டுறேன்னு வருவீங்க. அப்புறம் பைப்புப் போட்டு எங்க ஊத்துத் தண்ணிய கீழ கொண்டுபோவீங்களா?" எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "உங்களுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தா மானு ஒரே எடத்துல கூடும். உங்களுக்கு வசதிதானே" என்றார். வனக்காப்பாளர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு டீ வரவழைத்தார்.

எப்படியோ தொட்டிகள் வந்தன. மண்ணும் கல்லும் நாங்கள் சேர்ந்துதான் சுமந்தோம். ஆனால் கோயில்காட்டின் விளிம்புக்கு அப்பால் எங்களை விடவில்லை. ஒற்றையடிப் பாதை ஒன்று உள்ளே போனது. அதன் வாயில் எப்போதும் யாராவது ஒருவர் ஆடு மேய்க்கிற மாதிரி நிற்பார்.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"சாமி இருக்கு. வெளியாளு போவக்கூடாது" என்றாள் அவள்.

சாமியைக் காக்கவா இத்தனை காவல் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை வீட்டில் சொன்னேன். வீட்டில் சொன்னது ஊரில் பரவியது.

மார்கழித் தொடக்கத்தில் தொட்டியைக் கழுவ எங்கள் முறை வந்தது. என்னோடு வந்தவர்கள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்க, தண்ணீர்க் குடத்தோடு திரும்பிய நான் அதைப் பார்த்தேன். மலைக்காரர் ஒருவர் கோணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாதையில் நுழைந்தார். பைக்குள் ஏதோ துள்ளியது. என்னைக் கண்டதும் பையை முன்பக்கம் மாற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற ஆசை எனக்கு. குடத்தை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். காவலுக்கு அன்று யாருமில்லை. கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

"செருப்பக் கழட்டிட்டாவது போங்கக்கா."

அவள்தான். நான் குடத்தை வைத்ததிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"பையில என்ன? உசுரோட துடிக்குதே!"

அவள் பாதையின் உள்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "முயலு" என்றாள்.

"அப்ப ஊர்ல சொல்றது நெசந்தானே?"

"பாதி நெசம். முன்னாடியெல்லாம் பொங்கலுக்கு வேட்டையாடிச் சாமிக்குப் படைப்போம். கேசு போட ஆரம்பிச்சப்புறம் கொல்றத வுட்டுட்டோம். ஆனா சாமிக்கு வெறுங்கையோட எப்படிப் போறது? ஒரு முயல மார்கழியிலயே உசுரோட புடிச்சு வெச்சு, பொங்கலன்னிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, சாமி முன்னாடியே வுட்டுருவோம். புடிக்கிறதே குத்தம்னு தெரியும். அதான் யாரையும் வுடல. இப்ப நீங்க பாத்துட்டீங்க. போயிச் சொல்லத்தான போறீங்க?"

அவள் சொன்னதை நம்பலாமா என்றே எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு யார் சாட்சி?

"எங்க காட்ட நல்லாத் தேடுறீங்க. அந்த மானு காலு அறுபட்டுதே, அதுக்கு உங்க காட்டத் தேடுனீங்களா?" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் இதையே எல்லோர் முன்னாலும் கேட்டாள். தொட்டியைச் சுற்றி மட்டும் பார்த்தால் போதாது, அடிவாரத்து வேலிகளையும் சேர்ந்தே நடந்து பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். மறுத்தால் தப்பாகிவிடுமே என்று ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து நடந்தோம். என் கொழுந்தனின் சோளக்கொல்லை ஓரத்தில் வரிசையாகச் சுருக்குகள் இருந்தன. எல்லாம் பழைய பைக்குகளின் கிளட்ச் ஒயர். ஒன்றில் காய்ந்த ரோமம் ஒட்டியிருந்தது. வனக்காப்பாளர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பன்னிக்கு வெச்சேன் சார். ராவோட ராவா கொல்லையவே அழிச்சிட்டுப் போவுது. மானுக்கு வெக்கல" என்றான் கொழுந்தன். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான். "அண்ணி, நீங்களுமா இவங்களோட சேந்துக்கிட்டு வர்றீங்க?"

பன்றி அழித்தது உண்மை. எங்கள் சோளமும் போயிருந்தது. ஆனால் அந்த மான் கிடந்தபோது முதலில் மலைக்காரர்கள்மேல் பழியைப் போட்டவன் அவன் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைக்காரர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வனக்காப்பாளர் வழக்குப் பதிந்தார். என் கணவரும் கொழுந்தனும் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கொழுந்தனின் மனைவி, என் ஓர்ப்படி, என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

பொங்கலுக்கு முன்னால் வனக்காப்பாளர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"மேல கோயில்காட்டுல ஏதாவது பாத்தீங்களாக்கா?"

யார் சொன்னது? கொழுந்தன் பழிவாங்க எதையாவது கிளப்பிவிட்டானா? இவருக்கு ஏற்கெனவே தெரிந்து, என் வாயால் வரவழைக்கப் பார்க்கிறாரா?

"தொட்டியப் பாத்தேன். பாசி புடிச்சிருந்துச்சு" என்றேன்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் மலையிலிருந்து ஆள் வந்தது, குழுவில் உள்ளவர்கள் எல்லோரும் மேலே வர வேண்டுமாம். போனால், கோயில்காட்டு வாயிலில் சீருடையோடு வனக்காப்பாளர் நிற்கிறார். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று முழு மலையும் நினைக்கப்போகிறது. கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்தேன்.

"சத்தியமா நான் எதுவும் சொல்லல."

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"உங்கள நம்ப முடியலக்கா. என்னிக்காவது கோவத்துல சொல்லிப்புடுவீங்க. அதுக்குள்ள நாமளே சொல்லிருவோம்னு பெரியவங்ககிட்டப் பேசினேன். பெரிய சண்டை. எங்க சித்தப்பா இன்னும் வூட்டவுட்டு வெளிய வரல."

என்ன முடிவாயிற்று என்றும் அவளே சொன்னாள். வேட்டை வலை போகும், தப்புப் பறை அடிப்பார்கள், ஆட்டம் உண்டு, ஆனால் எதையும் பிடிக்கக் கூடாது. பையிலிருந்த முயலை நான் பார்த்த அன்றைக்கே விட்டுவிட்டார்களாம். சாமிக்குத் தினைமாவில் முயல் பிடித்து வைப்பார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். நான் நினைத்திருந்த மாதிரி தோலும் இல்லை, எலும்பும் இல்லை. மஞ்சள் பூசிய சில கற்கள், அவற்றின்மேல் கவிந்த பெரிய மரம், சருகு, அவ்வளவுதான். இடத்தைச் சுத்தம் செய்து வைத்துவிட்டார்களோ என்றுகூட எனக்குள் ஓடியது. புதருக்கு எதிரே ஆண்கள் வலையை விரித்துப் பிடித்தார்கள். தப்பு அதிர்ந்தது.

யாரும் எதிர்பார்க்கவில்லை. நிஜமாகவே ஒரு முயல் புதரிலிருந்து பாய்ந்து நேரே வலையை நோக்கி வந்தது. தப்பு நின்றுபோனது. வனக்காப்பாளர் வலையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். வலையைப் பிடித்திருந்தவர்கள் பெரியவரைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் என்ன பார்க்கிறேன் என்று. பெரியவரின் வலது கை, பிடிக்கச் சொல்வதுபோல, தானாக எழும்பியது. அத்தனை வருடப் பழக்கம். பாதியில் நிறுத்தி, அந்தக் கையால் வலையின் மேல்கயிற்றைப் பற்றித் தரைக்கு அழுத்தினார். முயல் அதைத் தாண்டி, எங்கள் கால்களுக்கு நடுவே ஓடிச் சரிவில் மறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ சிரித்தார்கள். தப்பு மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. தினைமாவு முயலைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவள் எனக்குக் கொடுத்த இலையில் மாவு முயலின் காது மட்டும் முழுசாக இருந்தது. நின்றபடியே தின்றேன்.