சண்முகையா எழுதிய கடைசி லீவு கடிதம்

ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடிவந்த வாட்ச்மேன், ஆபீஸ் ரைட்டர் சண்முகையா இறந்துவிட்டார் என்றார். வாய்க்கு வந்தபடி வாட்ச்மேனைத் திட்டினேன். சண்முகையா கைப்பட எழுதிய லீவு கடிதம் காலையில்தான் வந்திருந்தது. அப்போது அது என் சட்டைப் பையில் இருந்தது. சாகப்போகிறவர் எழுதுகிற கடிதமா அது?

உங்களுக்கெல்லாம் தெரியும், நம் எஸ்டேட்டில் லீவு வேண்டுமென்றால் இங்கிலீஷில் கேட்க வேண்டும். மேனேஜர் தொரைக்கு வேறு பாஷை ஓடாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் சண்முகையா எழுதித் தருவார். சூப்பர்வைசரான நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: ‘அண்டர் தி வெதர்’. மழைக்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் அவரைக் கிண்டலடித்தேன்.

“மேலுக்கு லேசா சொகமில்லன்னு அர்த்தம்வே. இதை எழுதினா தொரை மேற்கொண்டு ஒண்ணும் கேக்கமாட்டாரு. ஆனா பெரிய நோவுக்கு இதை எழுதிரக் கூடாது. ஒருத்தனும் எட்டிப் பாக்கமாட்டான்.”

சொன்னபடி நடந்தவர்தான். கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாளுக்குப் பிரசவம் சிக்கலான அன்று அந்த வரியை அவர் தொடவில்லை. உயிருக்கு ஆபத்து, ஜீப் வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினார். தொரை பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜீப்பை அனுப்பினார். அந்தப் பிள்ளை இப்போது லயத்து வாசலில் ஓடி விளையாடுகிறது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தனக்கு எழுதிக்கொண்டது அதே பழைய வரி. மழையைச் சாக்கு வைத்து ரைட்டரும் போர்த்திப் படுத்துவிட்டார் என்று ஆபீசில் எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரித்தேன். ஒரு ஏற்றம் ஏறினால் அவர் வீடு. நான் போகவில்லை. இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாட்ச்மேன் சொன்ன பிறகுதான் அந்த ஏற்றம் ஏறினேன். அவர் மனைவி செல்லம்மாள் என்னைக் கண்டதும் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்: “நெஞ்சு வலின்னு எழுதுங்கன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. ‘எழுதினா அவன் பதறிருவான், நொண்டிக் காலோட இந்த மழையில ஏறி வந்துருவான், சாயந்தரத்துக்குள்ள சரியாயிரும்’னு உங்களைத்தான் சொன்னாரு.”

போன மாதம் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்ததிலிருந்து நான் நொண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதத்தைத் தொரையிடம் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். லயத்துக்காரர்களுக்கு லீவு கடிதம் இப்போது நான்தான் எழுதுகிறேன், அதைப் பார்த்து, எழுத்து எழுத்தாக. ஆனால் முதலில் வீட்டுக்குப் போய், படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் அந்த வரி. என் கால் இன்னும் சரியாகவில்லை. ஏறித்தான் போகிறேன்.