மேஸ்திரியின் தொப்பையும் சந்தின் அகலமும்

அந்தக் குடியிருப்பில் முதலில் வந்தவை வீடுகள். மிச்சம் விழுந்த இடத்துக்குச் சந்து என்று பெயர் வைத்தார்கள். வரைபடம், அனுமதி என்று எந்தத் தொல்லையும் கிடையாது. அதற்காக அங்கே சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றே ஒன்று இருந்தது. வாசலில் படி வைப்பதானாலும், குளியலறையைச் சந்துக்குள் ஒரு சாண் நீட்டுவதானாலும் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். சுவர் வரப்போகும் இடத்தில் கயிறு கட்டுவார்கள். அவர் கயிற்றுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றுவார். தொப்பை எங்கும் உரசாவிட்டால் கட்டலாம். உரசினால் கயிறு பின்வாங்க வேண்டும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தொப்பை மேஸ்திரி என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஊரே ஒத்துக்கொண்ட வயிறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. குடத்தோடு வருபவர் நேராக வரலாம், எதிரே வருபவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால் போதும். பிறகு மேஸ்திரிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரையும் பத்தியமுமாக ஆள் பாதியாகிவிட்டார். சட்டைகளையெல்லாம் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். பெயர் மட்டும் அப்படியே நின்றது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வழக்கம்போலப் போய்ச் சுற்றினார். எங்கும் உரசவில்லை. "மேஸ்திரி முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் தாராளமா விடறாரு" என்று ஜனங்களுக்கு ஏக சந்தோஷம். அவரும் தனக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவி இளைக்கவில்லை. காய்கறிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் பெரிய ரோட்டுக்குப் போய் விற்றுவந்தவள், ஒருநாள் போவதை நிறுத்தினாள். கேட்டால் முட்டி வலி என்றாள். மேஸ்திரி தைலம் வாங்கிவந்து தேய்த்துவிட்டார். முட்டி பளபளவென்று ஆனதே தவிர, அவள் பெரிய ரோட்டுப் பக்கம் போகவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "நீ வந்து தூக்கினாத்தாம்மா எனக்கு நிம்மதி" என்று மகள் போனில் அழுதாள். அதற்கு மேல் மேஸ்திரியின் மனைவியால் வீட்டில் இருக்க முடியவில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ரோடு வரை மெதுவாக நடந்தால் போதும், அங்கே ஆட்டோ பிடித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. தையல்காரர் வீட்டுத் திருப்பம் வரை வேகமாகவே நடந்தாள். அங்கே தையல்காரரின் குளியலறைச் சுவர் சந்துக்குள் பிதுங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அளந்து, மேஸ்திரியே கட்டியது. அவள் நின்றுவிட்டாள்.

மேஸ்திரி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். "என்ன, முட்டியா?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்லங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இதுக்குள்ள நான் போக முடியாது. கடைசியா போனப்ப மாட்டிக்கிட்டேன். கூடை கவுந்துபோச்சு. பின்னாடி நின்னவங்க தள்ளிவிட்டாங்க, சிரிச்சாங்க. நீங்க கட்டின சுவராச்சே, உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க போய்ப் பாப்பாவைப் பாத்துட்டு வாங்க."

மேஸ்திரி அந்த இடுக்கில்தான் நின்றிருந்தார். இரண்டு பக்கமும் கை போகும் அளவுக்கு இடம் இருந்தது. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பார்க்கும்படி அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

பேச்சுச் சத்தம் கேட்டுத் தையல்காரர் எட்டிப்பார்த்தார்.

"இந்தச் சுவரு அளவு தப்பு. இடிக்கணும்" என்றார் மேஸ்திரி.

"நீங்க அளந்ததுதானே?"

"அதான் சொல்றேன்."

தையல்காரர் நல்ல மனுஷன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, எவ்வளவு இடிக்கணும்? அக்கா நடுவுல நின்னு ஒரு சுத்து சுத்தட்டும். கோடு போட்டுக்குவோம்."

அந்தச் சந்தில் இப்போதெல்லாம் ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். அவளுக்குப் பின்னால் குடங்களும் பைகளுமாக வரிசை சேர்ந்திருந்தது. எல்லாக் கண்களும் அவள் இடுப்பின் மேல் இருந்தன. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். மேஸ்திரி குறுக்கிட்டார்.

"அவ ஒண்ணும் சுத்த வேண்டாம். மொத்தச் சுவரையும் எடுத்துடறேன்."

"அப்ப நாங்க எங்க குளிக்கிறது?"

"எங்க வீட்ல. உள்பக்கமா வேற கட்டித் தர்ற வரைக்கும்."

"சோப்பு?"

"நானே வாங்கி வைக்கிறேன்."

பேச்சு முடிந்தது. சம்மட்டி மேஸ்திரியின் வீட்டில் இருந்தது. போய் எடுத்துவர, மனைவியைத் தாண்ட வழியில்லை. வரிசையில் நின்றவர்கள் பின்னால் சொல்லி அனுப்பினார்கள். சம்மட்டி தலைக்கு மேலாகக் கை மாறி கை மாறி வந்தது. கடைசியாக அவள் வாங்கி அவரிடம் நீட்டினாள்.

அவர் கட்டிய சுவர் என்பதால் லேசில் விழவில்லை. விழுந்ததும் கற்களை ஓரமாக ஒதுக்கி, மண்ணைக் காலால் தள்ளிவிட்டார். அவள் நடந்தாள். உடம்பைத் திருப்பாமல், முந்தானையை ஒடுக்காமல், நட்டநடுவில் நேராக நடந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் குடத்தை இறக்கிவைத்து வழிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் கவனித்தாள். "பேத்தியப் பாக்கப் போறோம். சம்மட்டிய எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

"ரோடு வரைக்கும் இன்னும் ரெண்டு திருப்பம் இருக்கு" என்றார் மேஸ்திரி. "ரெண்டும் நான் அளந்ததுதான்."