நிதானமும் நீதிபதியின் ஓவர்டிரைவும்

அவளுக்கு நிதானம் என்று பட்டப்பெயர். வைத்தது சொந்த அண்ணன்தான். பாராட்டி வைக்கவில்லை, ஒரு ஃபியூஸைப் பார்க்கச் சொன்னால் வண்டி பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறாளே என்ற கடுப்பில் வைத்தது. பழைய கார்களுக்கு ஒயரிங் பார்ப்பது அவள் தொழில். யார் என்ன சொன்னாலும் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள். நம்ப மட்டும் மாட்டாள்.

அன்று அவள் நின்றது ஓய்வுபெற்ற நீதிபதியின் கார் ஷெட்டில். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு கதவு வண்டி. நாலாவது கியரில் போகும்போது டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ஓவர்டிரைவ் என்கிற கூடுதல் கியர் விழ வேண்டும். இஞ்சின் அலறலை நிறுத்திச் சாந்தமாக வேண்டும். ஒரு மாதமாக விழவில்லை. பழைய கார் சங்கத்தின் செயலாளர், எல்லோருக்கும் பேராசிரியர் (எந்தப் பாடத்துக்கு என்று யாரும் கேட்டதில்லை), ஆயில் பம்ப் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் சங்கக் கூட்டம். உறுப்பினர்களின் இருபத்திரண்டு வண்டிகளுக்கும் யார் எலக்ட்ரீஷியன் என்பது அங்கேதான் முடிவாகும். இந்த வண்டி சரியானால் அவள். இல்லையென்றால் பேராசிரியர் கைகாட்டும் ஆள்.

"ஒயரிங்கைத் தொடவே வேணாம்மா. போன மாசம் கியர்பாக்ஸ் மூடியக் கழட்டினப்ப நானே என் கையால மாட்டினேன்" என்றார் பேராசிரியர்.

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, நாலாவது கியரில் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். வண்டிக்கு அடியிலிருந்து ஓவர்டிரைவை விழவைக்கும் மின்காந்தம், அதாவது சோலினாய்டு, 'டக்' என்று இழுக்க வேண்டும். மூச்சே இல்லை.

"பாத்தீங்களா? பம்ப்புதான்."

"வண்டி ஓடினாத்தான் சார் பம்ப்பு சுத்தும். நிக்கிற வண்டியில அது மேல பழி போடக் கூடாது."

நீதிபதி தொண்டையைச் செருமினார். அவள் ஃபியூஸைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள், அடியில் படுத்து சோலினாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரைத் தொட்டாள். டக்.

"இது உயிரோட இருக்கு. இனி ஒவ்வொரு கியரா போட்டுப் பாக்கணும்" என்றபடி எழுந்தாள்.

"ஒவ்வொரு கியரா?" பேராசிரியர் சிரித்தார். "மூணு, நாலுல மட்டும்தாம்மா அது வேலை செய்யும். மத்த கியர்ல விடாம இருக்க, கியர்பாக்ஸ் மேல காவலுக்கு ஒரு சுவிட்சே இருக்கு. படிச்சதில்லயா?"

"படிச்சதில்ல சார். அதான் பாத்துடலாம்னு."

ஒன்று. இரண்டு. மூன்று.

"பின்னாடி வெள்ளை லைட்டு எரியுது" என்றார் வண்டிக்குப் பின்னால் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நீதிபதியின் மனைவி. "ரோட்டுல பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சான். ஒரு மாசமாச் சொல்றேன்."

ஒரு மாதமாக நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தார்.

நாலிலும் எரிந்தது. ரிவர்ஸில் போட்டாள். விளக்கு அணைந்தது. அடியில் டக்.

மூடியைக் கழற்றினாள். கியர்பாக்ஸின் மேல் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சுவிட்சுகள். ஒன்று ஓவர்டிரைவுக்குக் காவல், மற்றது ரிவர்ஸ் விளக்குக்கு. ஒயர்கள் இடம் மாறியிருந்தன. ஆனால் டேப் சுற்றியிருந்த அழகு இருக்கிறதே, கல்யாண வீட்டுப் பரிசுப் பொட்டலம் தோற்றது.

"ரிவர்ஸ் எடுக்கும்போது டேஷ்போர்டு சுவிட்சைப் போட்டீங்களா சார்? போட்டிருந்தா ஓவர்டிரைவ் உள்ளயே உடைஞ்சிருக்கும்."

நீதிபதி அவசரமாக மறுத்தார். "வேலை செய்யலன்னு தொடவே இல்ல."

ஒயர்களை மாற்றி மாட்டிச் சாலைக்கு எடுத்துப் போனார்கள். வேகம் வந்ததும் சுவிட்சைத் தட்டினாள். இஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது.

"எனக்கு ஆரம்பத்துலயே ஒயரிங் மேல ஒரு சந்தேகம்" என்றார் பின்சீட்டிலிருந்து பேராசிரியர்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் வேலைச் சீட்டை எடுத்தாள். 'பழுது: ஒயர் மாறியிருந்தது. முன்பு மாட்டியவர்:' என்று எழுதி, பேனாவைப் பேராசிரியரிடம் நீட்டினாள். நாளைய கூட்டத்தில் அவருக்கும் ஓட்டு உண்டு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இது எதுக்கும்மா?"

"எல்லாச் சீட்டுலயும் இருக்கும் சார்."

அவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி மனைவியைப் பார்த்தார்.

"எழுதிடுங்க" என்றார் நீதிபதி.

இருபத்தொரு வண்டிகள் அந்த மாதமே அவளிடம் வந்தன. பேராசிரியருடையது அடுத்த மாதம் வந்தது, டிரைவர் கையில்.