முதல் ஷட்டர், பிறகு பங்கர்

1. பலகைக் கதவும் ஷட்டரும்

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், மானிப்பாய்க்குப் போகும் வழியிலுள்ள எங்கள் சந்தியில் சபை நவீன கடைத்தொகுதி ஒன்றைத் திறந்தது. கீழே பன்னிரண்டு கடை, மேல்மாடியில் பன்னிரண்டு கடை. மேற்பார்வையாளராக என்னைப் போட்டார்கள். அதற்கு முன் நான் மீன்சந்தையில் நின்றவன். செதில் ஒட்டாத உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று என் மனைவி கோயிலில் அர்ச்சனை செய்தாள்.

அந்நாளில் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பலகைக் கதவுதான். ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் எழுதியிருக்கும். வரிசை மாறாமல் செருகிக் கடைசிப் பலகைக்குப் பூட்டுப் போட வேண்டும். புதுக் கட்டடத்துக்கு ஷட்டர். கொக்கித் தடியால் இழுத்தால் கடகடவென்று இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே சனம் வந்தது. பலசரக்குக் கடைச் செல்லையா அண்ணைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“தம்பி, பலகை எண்டால் ஒண்டு இறுகினாலும் மற்றதைக் கழட்டலாம். உது இறுகினால் முழுக்க இறுகிப்போம்.”

“அண்ணைக்கு இன்னும் மாட்டுவண்டிதான் சரி” என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

2. கொழும்பிலிருந்து வந்தவர்கள்

அந்த ஆடிமாதக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எங்கள் பக்கமும் வந்தார்கள். காலியாகக் கிடந்த மேல்மாடி இரண்டு மாதத்தில் நிரம்பிவிட்டது. கூல்பார், கசெற் ரெக்கோடிங், ஃபான்சிக் கடை எல்லாம் வந்தன. கொழும்பு எரிந்து எங்கள் கட்டடம் செழித்தது என்பதுதான் உண்மை. அன்று அப்படி நினைக்க எனக்கு வெட்கமாயிருக்கவில்லை. மேலதிகாரி தோளில் தட்டியதும் தலைகால் தெரியாத புளுகம் வந்துவிட்டது.

மேல்மாடி மூலைக் கடையை எடுத்தவள் மங்களம். ரெயிலர். முப்பது வயதிருக்கும். வயதான தகப்பனைத் தவிர அவளுக்கு வேறு யாருமில்லை. கடன்பட்டு வாங்கிய ஒரு தையல் மிசினோடு வந்து இருந்தாள்.

“அங்கை என்னட்டை மூண்டு மிசின் இருந்தது, அண்ணை. சத்தம் கேட்டதும் கடையைத் திறந்தபடி விட்டிட்டு ஓடினனான். பூட்டியிருந்தால் ஒரு மிசினாவது மிஞ்சியிருக்கும். சனத்தின்ரை துணியளும் போச்சு. ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.”

அவளிடம் துணி கொடுத்தால், அதே துணியில் ஒரு துண்டு வெட்டி, பெயரெழுதிய துண்டுக் கடதாசியோடு சேர்த்து முடிந்து வைப்பாள். பொத்தான் வைத்துக் கொடுக்கும்வரை அந்த முடிச்சு அவிழாது.

3. நான் எழுதிய விதி

தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டு மின்சாரம் போயிற்று. பொருட்கள் வருவதும் நின்றது. ரெக்கோடிங் கடை சைக்கிள் திருத்தும் கடையானது. மங்களத்தின் கடைக்கு நேர் கீழே இருந்த கூல்பாரில் மண்ணெண்ணெய் விற்றார்கள். கட்டடத்துக்குள் எரிபொருள் வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். சனம் விளக்குக்கு எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தால் எல்லோரும் போட்டது போட்டபடி பின்வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடுவார்கள். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் ஃபான்சிக் கடையில் பாதிச் சாமானைக் காணவில்லை. கடைக்காரர்கள் என் மேசையைச் சுற்றி நின்று கத்தினார்கள். “மேற்பார்வையாளர் எண்டு நீர் என்னத்தைப் பாக்கிறீர்?” என்று கேட்டார் செல்லையா அண்ணை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றே படிக்கட்டுச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதுவித்தேன்: முதல் ஷட்டர், பிறகு பங்கர்.

ஒரு கிழமைதான் மதித்தார்கள், அதற்குப் பிறகு யாரும் மதிக்கவில்லை. உயிர்ப்பயம் வந்தால் சுவரெழுத்தை யார் பார்ப்பார்கள்? பார்த்தவள் மங்களம் ஒருத்திதான். மூலைக் கடையிலிருந்து படிக்கட்டு தூரம். ஷட்டரை இழுத்து இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு இறங்க நேரம் காணாது. ஆகவே உள்ளே நின்றபடியே ஷட்டரை இழுத்துவிட்டு வெட்டுமேசைக்குக் கீழே படுத்துவிடுவாள். எனக்கு அது தெரியும். “மங்களத்தைப் பார்த்துப் படியுங்கோ” என்று மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

4. நாலு விரல் இடைவெளி

பள்ளிக்கூடம் தொடங்கவிருந்த கிழமை. சீருடைக்கு வெள்ளைத் துணி கிடைப்பது குதிரைக்கொம்பாயிருந்த காலம். எங்கெங்கோ தேடி எடுத்த துணியைச் சனம் மங்களத்திடம் கொடுத்திருந்தது. காலை பத்து மணியளவில் பொம்பர் வந்தது. நாங்கள் பங்கருக்குள் பாய்ந்தோம். குண்டு கட்டடத்தின் முன்பக்கம் விழுந்தது.

வெளியே வந்தபோது முன்வரிசை ஷட்டர் எல்லாம் வயிறு வீங்கினதுபோல வளைந்து நின்றன. கூல்பாருக்குள்ளிருந்து கறுத்தப் புகை. நான் மேலே ஓடினேன். மூலைக் கடை ஷட்டர் தண்டவாளத்தை விட்டுக் கழன்று குறுக்காக இறுகிக் கிடந்தது. அடியில் நாலு விரல் அளவு இடைவெளி.

“மங்களம்!”

“இருக்கிறன், அண்ணை. தூக்குங்கோ.”

செல்லையா அண்ணை அலவாங்கோடு வந்தார். இரண்டு பேருமாகக் கொடுத்து நெம்பினோம். தகடு கிழிந்ததே தவிர ஷட்டர் மேலே போகவில்லை. கீழே எரிகிற புகை வெடித்த தரையால் அவள் கடைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கடைக்குப் பின்ஜன்னல் கிடையாது.

அப்போது அந்த நாலு விரல் இடைவெளியால் ஒரு வெள்ளைத் துணி வெளியே வந்தது. முடிச்சும் பெயர்த் துண்டும் அப்படியே இருந்தன. பிறகு இன்னொன்று.

“என்ன செய்யிறாய்? துணியை விடு! வாயைக் கீழை வைச்சு மூச்சை எடு!”

“சனத்தின்ரை துணி, அண்ணை. இனிச் சனம் எங்கை வாங்கும்?” இருமினாள். “நீங்கள் தூக்குங்கோ, நான் தள்ளுறன்.”

நாங்கள் நெம்பினோம். அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒன்பது துணி வந்தது. பத்தாவது பாதியில் நின்றது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். மறுபக்கத்தில் ஒரு பிடியும் இருக்கவில்லை.

தகட்டை வெட்டி அவளை எடுக்க மத்தியானமாயிற்று. உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகைதான்.

துணிகளை நானே பெயர் பார்த்து வீடுவீடாகக் கொடுத்தேன். ஒரு தாய் துணியை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை?

எட்டாம் நாள் அவளுடைய தகப்பன் என் கந்தோருக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“தம்பி, எல்லாரும் ஓடினவையாம். என்ரை பிள்ளை மட்டும் ஏன் ஓடேல்லை?”

படிக்கட்டுச் சுவரில் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. கண் பார்வை குறைந்த மனிதர், அவருக்கு அது தெரியவில்லை.

“தெரியாது, ஐயா” என்றேன்.

அவர் போனதும் வாளியில் சுண்ணாம்பு கரைத்து அந்த எழுத்தின் மேல் நானே பூசினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தப் பொய்யை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவர் அடுத்த வருடம் காலமாகிவிட்டார். உண்மையைச் சொல்ல இனி ஆளில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

5. கடைசியாகப் பூட்டிய நாள்

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊர் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த நாளில், மழைக்குள் நின்று கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“விட்டிட்டு நடவுங்கோ! பூட்டிக்கொண்டு நிக்க இப்ப நேரமில்லை!” என்று கத்தினேன்.

“இரண்டு நாளிலை வந்திடுவம், அண்ணை. திறந்து விட்டிட்டு எப்பிடிப் போறது?”

ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பேச என்ன வாய் இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். நான் வாசற்படலையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது எல்லாக் கடையும் பூட்டியிருந்தது. ஷட்டர் வெட்டி எடுத்த மூலைக் கடை மட்டும் திறந்து கிடந்தது. ஐந்து வருடமாக அதை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை.

சபை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இந்த ஒன்றுதான் இருக்கிறது. விதி எழுதும்போது, அதை மீறப்போகிறவர்களை நினைத்துத்தான் எழுதுவீர்கள். அவர்கள் எப்படியும் ஓடித் தப்பிவிடுவார்கள். உங்கள் சொல்லை அப்படியே நம்பி நிற்கப்போகிற ஒருத்தி இருப்பாள். முதலில் அவளை நினையுங்கள்.

நான் நினைக்கவில்லை.