வரிசையில் நிற்காத மனிதர்

என் கணவர் வரிசையில் நிற்க மாட்டார். இந்தக் குளிர்நாட்டுப் பீல் நகரத்துக்கு நான் கலியாணம் கட்டி வந்த நாள் முதல் தபால் கந்தோரிலும் கடையிலும் கோயில் அன்னதானத்திலும் நிற்பது நான்தான். இவர் பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரிப் பைகளோடு வாசலில் நிற்பார். காரணம் எனக்குத் தெரியும். ஊரில் சண்டை நடந்த காலத்தில், இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, இவர் நின்ற கஞ்சி வரிசையில் ஷெல் விழுந்தது. கஞ்சி வார்த்துக்கொண்டிருந்த தொண்டர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். காரணம் தெரிந்தால் கோபம் வராதா? கைக்குழந்தையோடும் காய்கறியோடும் நின்று கால் கடுத்தவள் நான்.

அப்படிப்பட்ட மனிதர்தான், வேறொரு நாட்டுச் சண்டையில் இடம்பெயர்ந்த சனங்களுக்குச் சமைக்கப் போகிறேன் என்று சென்ற வருடம் ஒற்றைக்காலில் நின்றார். இவருக்கு இங்கே முதியோர் இல்லக் குசினியில் வேலை. பெரிய சட்டிகள் இவருக்குப் புதிதல்ல. இங்குள்ள ஒரு தொண்டர் குழு ஆள் தேடிக்கொண்டிருந்தது.

"நெருப்புக்குள்ளை இருந்து தப்பி வந்து திரும்பவும் நெருப்புக்குள்ளை போறியளோ?" என்று கத்தினேன்.

"அண்டைக்கு ஆரோ ஒருத்தன் வந்தபடியாத்தானேயப்பா நான் கஞ்சி குடிச்சனான்" என்றார். மிளகாய்த்தூள் போத்தலையும் வைத்துப் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன், கோபத்தோடுதான்.

போன கையோடு அங்கேயும் சண்டை பிடித்துவிட்டார். சனத்தை ஓரிடத்தில் வரிசையாக நிறுத்தாதீர்கள், மேலே இருந்து பார்ப்பவனுக்கு அது வசதி என்றாராம். குழுத் தலைவி இந்த நாட்டுக்காரி, பேர்ண் பக்கத்துப் பெண். வரிசை இல்லாவிட்டால் பலசாலிகள்தான் முதலில் சாப்பிடுவார்கள் என்றாராம். அதுவும் நியாயம்தான். கடைசியில், நடக்க முடியாதவர்களின் கூடாரங்களுக்குச் சாப்பாட்டு வாளியை நீயே தூக்கிக்கொண்டு போ என்று இவரைத் தள்ளிவிட்டார்.

"வாளி தூக்கி நாரி முறியுது" என்று இடுப்பு வலியில் தொலைபேசியில் முனகினார்.

"வேணும், நல்லா வேணும்" என்றேன்.

பிறகு ஒரு நாள், தொழிற்சாலை இடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறந்தால், செய்தியில் அந்த முகாமின் பெயர். ட்ரோன் தாக்குதல். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற சனங்களும் தொண்டர்களும் இறந்திருக்கிறார்கள். இவருக்கு அழைத்தேன். மணியே அடிக்கவில்லை. கடிகாரங்களுக்கு முள் பூட்டுவது என் வேலை. திரும்பிப் போய் உட்கார்ந்ததும் சாமணத்தின் நுனியில் பிடித்த முள் நழுவிக் கீழே விழுந்தது. தேடக் குனிந்தவள் மேசைக்கு அடியிலேயே இருந்து அழுதேன். இவ்வளவு காலமும் வரிசையில் நில்லுங்கோ என்று திட்டிய வாய், "நிக்காதேங்கோ, நிக்காதேங்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியபோது அழைப்பு வந்தது.

"இஞ்சாரும், நான்தான்."

"எங்கை நிண்டனீங்கள்?"

"கடைசிக் கூடாரத்திலை. ஒரு அம்மாவுக்குச் சூப் வார்த்துக்கொண்டு நிண்டனான். வரிசையடியிலை நிக்கேல்லையப்பா."

பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன், சிரித்தேன். போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் மற்றதைச் சொன்னார். வரிசையின் தொடக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த தொண்டர் இறந்துவிட்டார். தலைவிக்குக் கையில் காயம். அந்தத் தொண்டருக்கும் வீட்டில் ஒருத்தி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அது தெரிந்தும் என் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இவர் வீடு வந்த வாரம் சாமான் வாங்கப் போனோம். நான் வழக்கம்போல காசாளர் முன்னால் வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் இவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். முகம் வெளிறி, தள்ளுவண்டியை இறுக்கிப் பிடித்தபடி.

"என்னப்பா இது?"

"முகாமிலை அந்தச் சனம் எல்லாம் நிண்டதுதானே" என்றார்.

எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டுக் கேட்டது! என்னால் ஒரு நிமிடம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு வெறும் பைகளை அவர் கையில் கொடுத்தேன்.

"வாசலிலை போய் நில்லுங்கோ. நான் வாறன்."