மேல் நகரில் தமிழ் தெரியாதவள்

நுவரெலியா, மே மாதம், பிற்பகல் மூன்று மணி. மட்டக்களப்பில் விடியப் புறப்பட்டு, பதுளையில் பஸ் மாறி, வெலிமடை வளைவுகளில் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினேன். வருடா வருடம் "அடுத்த ஏப்ரலுக்குப் போவம்" என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. ஏப்ரல் சீசன் சனமும் கலைந்துவிட்டது. மழையும் நானும்தான் மிச்சம்.

ஆட்டோக்காரர், "மேலயாங்க, கீழயாங்க?" என்றார். இந்த ஊரின் வரைபடமே அதுதான். கீழே கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், லீக்ஸ் மூட்டைகள். மேலே குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், புகைபோக்கி வைத்த பழைய துரைமார் பங்களாக்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் போட்ட கோடு போகவில்லை. வந்ததுதான் வந்தோம், ஒரு தடவை துரைசானியாக இருந்து பார்ப்போமே என்று "மேல" என்றேன். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினார்.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஒரு இளம்பெண் இருந்தாள். சட்டையில் 'நிலூஷி' என்று சிங்களப் பெயர் குத்தியிருந்தது. தமிழ் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தபடி இல்லையென்று தலையாட்டினாள். என் சிங்களம் மீன் விலை கேட்க மட்டும் காணும். சுடுதண்ணீர் கேட்பதற்குக் கையாலேயே ஒரு நாடகம் நடத்த வேண்டியிருந்தது. இரவு, பன்னிரண்டு கதிரை போட்ட மேசையில் நான் ஒருத்தி. சூப்பில் உப்பில்லை. அதைச் சொல்லிக் குறைப்படக்கூடப் பக்கத்தில் ஆளில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை கீழே நடந்தேன். கோயில் வாசலில் ஒரு பெண் பூக்காரியோடு வாதாடிக்கொண்டிருந்தாள். "நேத்து இதே பூவ நூறுக்குத்தான குடுத்தீங்க?" நெற்றியில் பொட்டு, தலையில் மழைத்தூறல். என் நிலூஷி! என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"மேல யாருகிட்டயும் சொல்லிறாதீங்கம்மா."

"சொல்லமாட்டன் மகள். வா, தேத்தண்ணி குடிப்பம்."

பக்கத்து முஸ்லிம் நானா கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் எடுத்தோம். அவள் உண்மைப் பெயர் லோகேஸ்வரி. அன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் வேலையாம். பேச்சில் தேயிலைத் தோட்டத்து வாடை தெரிந்தது.

"எந்தத் தோட்டம் மகள்?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா, நீங்களும் அதத்தான் மொதல்ல கேக்குறீங்க. கந்தப்பளைப் பக்கம்மா. கொழும்புல இருந்து நம்ம தமிழாளுங்க வருவாங்க. நான் தமிழ்ல வாயத் தொறந்தா எந்தத் தோட்டம்பாங்க. சொன்னதும் 'ஏய் பிள்ள, அந்தப் பெட்டியத் தூக்கு'ம்பாங்க. சிங்களத்துல பேசினா மிஸ்ஸுன்னு கூப்பிடுறாங்க. மேனேஜருக்கு எல்லாம் தெரியும், ஒண்ணும் சொல்லமாட்டாரு. நானாத்தான் இப்படி வச்சிக்கிட்டேன்."

மலைநாட்டு ஆள் என்றதும் எங்கள் ஊரிலும் சிலருக்குக் குரலில் மரியாதை ஒரு படி இறங்கும். பிறகு பேச்சை அவளே மாற்றினாள். அம்மா தேயிலைக் கொழுந்தெடுப்பதையும், மேசை வேலை கிடைத்த அன்று லயத்து வீடுகளில் எல்லோருக்கும் அவர் சீனி கொடுத்ததையும் சொன்னாள். நான் என் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிச் சொன்னேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். இந்தப் பயணத்தில் நான் யாரோடாவது இருந்தேன் என்றால் அந்த அரை மணிநேரம்தான்.

எழும்பியபோது, "நீங்க முன்னால நடங்கம்மா, நான் கொஞ்சம் பொறுத்து வர்றேன்" என்றாள். ஏற்றத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, யாரோ போல வந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை புறப்பட்டேன். மேசையில் லோகேஸ்வரி. முன்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம், பெட்டிகளோடு. அந்த அம்மா அவளை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் போயிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"போயிட்டு வாறன் மகள்."

அவள் பேனா நின்றது. பிறகு நிமிர்ந்து, முதல்நாள் சிரித்த அதே சிரிப்போடு, "மட்ட தெமள பே, மேடம்" என்றாள். தனக்குத் தமிழ் தெரியாதாம்.

கொழும்பு அம்மா என் பக்கம் திரும்பினார். நல்ல மனுசி. "அவவுக்குத் தமிழ் விளங்காது அக்கா. என்ன சொல்லோணும்? நான் சொல்லிவிடுறன்."

"என்னை நல்லாப் பாத்துக்கொண்டவ, நான் திரும்ப வருவன் எண்டு சொல்லுங்க" என்றேன்.

அவர் அதை அழகான சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். லோகேஸ்வரி தலையைச் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கவனமாகக் கேட்டாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.