லேப்டாப்புக்குத் தெரிந்த ஒரே லெட்சுமி அக்கா

வேன் கடை வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைக்காமலே செல்வம் அண்ணன் உள்ளே வந்து, "பரமு, லெட்சுமி அக்காவோட புது வீட்டு கேட்டக் காட்டு, போலாம்" என்றார். பரமேஸ்வரி கைப்பேசியைத் திறந்தாள். மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். காலையில் அதில் மூன்று லெட்சுமி அக்காக்கள் இருந்தார்கள். இப்போது ஒருவர்தான் இருந்தார்.

புந்தோங்கில் அமீது பாயின் கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் மேசை என்னுடையது. திருகாணி கழற்றித் தூசி ஊதிய காலத்திலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது திருகாணி குறைந்துவிட்டது. எல்லாம் அக்கவுண்ட், பாஸ்வேர்ட், சிங்க். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த ஒரு நாளை எழுதிவைக்கிறேன். எழுதும்போதே வலது கைச் சுட்டுவிரல் சில்லிடுகிறது.

1. அனுமதி, அனுமதி, அனுமதி

பரமேஸ்வரிக்கு என் வயதுதான். இரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றுக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேனுக்கு அவள்தான் ஒருங்கிணைப்பாளர். யாரை எந்த நேரத்தில், எந்த வீட்டு வாசலில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளுடைய கைப்பேசிக்குள் இருந்தது. அன்று காலை புது லேப்டாப்பை வாங்கிப் பெட்டியோடு என் மேசையில் வைத்தாள்.

"கண்ணு போவுது மாலா. இந்தச் சின்னப் பொட்டியில இத்தன பேரப் பாத்துப் பாத்து. போன்ல உள்ளதெல்லாம் இதுல தெரியணும். போன் அடிச்சா இதுலயும் அடிக்கணும். முடியுமா?"

"செனாங்லா. ஒரு மணி நேரம் குடு."

செனாங் என்றால் மலாயில் சுலபம். அப்படித்தான் சொன்னேன்.

முதலில் அவளுடைய தொடர்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. லெட்சுமி அக்கா. லெட்சுமி அக்கா. லெட்சுமி அக்கா. அதற்குக் கீழே முனியாண்டி அண்ணே, இன்னொரு முனியாண்டி அண்ணே.

"எப்படிலா கண்டுபிடிக்கிற?"

"படத்தப் பாரு."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படம். முகம் இல்லை, வீட்டு கேட். பச்சை கேட் ஒன்று, பழைய ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பில், செம்பனை மரங்களின் நிழல் விழ நிற்கிறது. கோயில் பின்சுவரை ஒட்டிய துருப்பிடித்த கேட் ஒன்று. பெயரைத் தொடாமல் படத்தைத் தொட்டே அவள் ஆளை எடுப்பாள்.

"கூட ஒரு வார்த்த எழுதிக்கலாம்ல? புந்தோங், குனோங் ராபாட்னு?"

"அவங்க ஒரு எடத்துலயா இருக்காங்க? இந்த மாசம் பெரியவன் வீடு, அடுத்த மாசம் சின்னவன் வீடு. இந்தா, இந்த லெட்சுமி அக்கா நேத்துதான் சின்னவன் வீட்டுக்கு மாறுனாங்க. பேத்தி காலையில அக்கா போன்லேருந்தே தெருப் பலகையோட கேட்டுப் படம் அனுப்பிச்சு, ஒடனே மாத்திட்டேன்."

"அப்போ வேற அடையாளம் போடு."

"என்ன போட? கால் எடுத்த லெட்சுமின்னா? வேன்ல எம்பக்கத்துல உக்காந்து போன எட்டிப் பாப்பாங்க. பெரியவங்கள அப்படியா போடுறது?"

 என் கைப்பேசியிலும் மாமியாரின் பெயர் வெறும் 'அத்தை' என்றுதான் இருக்கிறது.

வேலையைத் தொடங்கினேன். இரண்டிலும் ஒரே அக்கவுண்ட். லேப்டாப் திரையில் வந்த கட்டத்தைக் கைப்பேசியால் ஸ்கேன். புளூடூத். பிறகு வரிசையாகக் கேள்விகள். அழைப்புகளைப் பார்க்கலாமா, செய்திகளைப் படிக்கலாமா, தொடர்புகளை எடுக்கலாமா. அனுமதி, அனுமதி, அனுமதி. ஒரு வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவது போல அது. எந்தக் கதவு வழியாக என்ன வெளியே போகும் என்று திறக்கும்போது தெரிவதில்லை.

நடுவில் கைப்பேசி, இடம் இல்லை என்று முரண்டு பிடித்தது. பரமேஸ்வரி தானே வாட்ஸ்அப்பில் வந்த படங்களை மொத்தமாக அழித்தாள். ரோஜாப்பூ, விளக்கு, காலை வணக்கம், எல்லாம் போயின. இடம் கிடைத்தது. சந்தோஷப்பட்டோம்.

தொடர்புகள் லேப்டாப்பில் வந்து இறங்கின. உடனே ஒரு மஞ்சள் பட்டை எழுந்தது: ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள், ஒன்றாக்கவா?

"மாலா! ஒரு லேப்டாப்புக்கு எவ்ளோ நேரம்லா?" கல்லாவிலிருந்து அமீது பாய் குரல் கொடுத்தார். "இங்க மூணு பிரிண்டர் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு."

"முடிஞ்சிருச்சி பாய்."

'சரி' என்பதை அமுக்கினேன்.

2. இப்பதானே பேசினாங்க

சிறிது நேரத்தில் லேப்டாப் மணி அடித்தது. திரையின் மூலையில் லெட்சுமி அக்கா என்ற பெயர், பச்சை கேட் படம். பரமேஸ்வரி குழந்தை மாதிரி கை தட்டினாள். லேப்டாப்பை நோக்கிக் குனிந்து, கிணற்றுக்குள் பேசுவது போல, "ஹலோ!" என்று கத்தினாள்.

"ஏன்மா கத்துற? இன்னைக்கும் வேன்ல ஏர்கோன் போடுவீங்களா? போன தடவ எலும்பு வர குளுந்துச்சி."

"கொறச்சி வைக்கச் சொல்றேன்கா."

"சால்வ எடுத்துக்கவா?"

"எடுத்துக்கங்கக்கா."

வைத்தார். சற்று நேரத்தில் மறுபடி மணி. லெட்சுமி அக்கா. அதே பச்சை கேட்.

"இப்பதான பேசுனாங்க. சால்வ என்னா கலர்னு கேப்பாங்க. கட் பண்ணு மாலா, அப்புறம் நான் கூப்புட்டுக்கிறேன்."

நான் ஒரு பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். இடது கையில் மை. வலது கைச் சுட்டுவிரலால் சிவப்புப் பொத்தானைத் தொட்டேன். மணி நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி தொட்டேன். கடைக்குள் சத்தம் வேண்டாம் என்று லேப்டாப், கைப்பேசி இரண்டின் ஒலியையும் குறைத்துவிட்டேன்.

செல்வம் அண்ணன் வந்தது அதற்குப் பிறகுதான்.

3. திரும்பி வராத படங்கள்

"முந்தாநாள் பெரியவன் வீட்டுல எறக்கிவிட்டேன்" என்றார் செல்வம் அண்ணன். "இன்னைக்கி எடம் மாறிட்டாங்கன்னு நீதான சொன்ன? எந்த கேட்டு?"

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். லெட்சுமி அக்கா, ஒரே ஒருவர். அவருக்குக் கீழே மூன்று எண்கள். மேலே ஒரு பச்சை கேட். ஒரே பெயரில் இருந்த மூவரையும் அது ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது. 'அக்கா' என்பதும் பெயரின் பகுதி என்றுதானே அதற்குத் தோன்றும்.

"பதறாத. அண்டூ இருக்கு" என்றேன். 

அமைப்புகளுக்குள் போய், மாற்றத்துக்கு முந்தைய நிலைக்குத் திருப்பினேன். வட்டம் சுற்றியது. அந்த வட்டத்தை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அன்று ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன். மூன்று லெட்சுமி அக்காக்களும் வந்து நின்றார்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் மூவருக்கும் சாம்பல் வட்டம். படங்கள் கைப்பேசிக்குள் மட்டும் இருந்தவை. அக்கவுண்டுக்கு அவை ஏறவே இல்லை. பேத்தி அனுப்பிய படமும் காலை வணக்கங்களோடு அழிந்திருந்தது.

"எண் இருக்குல்ல? கூப்புடு" என்றார் செல்வம் அண்ணன்.

எந்த எண் என்று தேட, வந்த அழைப்புகளைத் திறந்தேன். ஏர்கோன் பற்றிக் கேட்ட எண் ஒன்று. அதற்குப் பிறகு வந்த இரண்டும் வேறு எண். ஒரே எண்ணிலிருந்து இரண்டு முறை. இரண்டும் துண்டிக்கப்பட்டவை.

பரமேஸ்வரி மெதுவாகச் சொன்னாள்: "அது இவங்க மாலா. பேத்தி படம் அனுப்புன நம்பரு. சின்னவன் வீட்டு லெட்சுமி அக்கா."

கூப்பிட்டோம். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி. அப்படியே.

"ரெண்டு தடவ கட் பண்ணியிருக்கோம். வேன் வராதுன்னு நெனச்சிருப்பாங்களா? பஸ்ஸுக்கு நடந்துருவாங்களா? போன தடவையே காலெல்லாம் வீங்கி இருந்துச்சி. ஒரு தடவ சுத்தம் பண்ணாம விட்டா தண்ணி ஏறி மூச்சு வாங்கிரும் மாலா. மெஷினு அவங்களுக்காகக் காத்திருக்காது. நேரம் போச்சுன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

செல்வம் அண்ணன் மற்றவர்களை ஏற்றக் கிளம்பினார். நான் அமீது பாயிடம் போனேன். கேட்கும் முன்பே அவர் என் கார்ச் சாவியை மேசையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பிரிண்டர் எங்கயும் ஓடிப் போவாது. போலா."

4. ஒரே மாதிரி தெரு

கைப்பேசியில் பேட்டரி அடிமட்டம். அதை கேபிளால் லேப்டாப்பில் செருகி, லேப்டாப்பை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு பரமேஸ்வரி காரில் ஏறினாள்.

முதலில் புந்தோங்கிலேயே இருந்த பெரியவன் வீடு. மருமகள் கேட்டைத் திறக்காமல் கம்பிக்குப் பின்னால் நின்றாள்.

"அத்தை நேத்தே போயிட்டாங்களே."

"சின்னவர் வீடு எங்கம்மா?"

"குனோங் ராபாட்ல, மலை அடிவாரத்துல. எந்தச் சந்து, எந்த லோரோங்னு தெரியாது. எங்களுக்கும் அவங்களுக்கும் போக்குவரத்து இல்லீங்க."

"அவர் நம்பராவது?"

"மாத்திட்டாராம்."

கேட்டாலே தப்பு என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலும் நிற்க நேரமில்லை.

குனோங் ராபாட்டில் நுழைந்தபோது வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை வீடுகள். ஒரு லோரோங், இன்னொரு லோரோங். எல்லா வீட்டிலும் அதே வெள்ளிநிற கேட், அதே ஓடு, அதே காலணி அடுக்கு. சுண்ணாம்பு மலை எல்லாத் தெருவுக்கும் ஒரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"கேட்டுல என்ன இருந்துச்சி? யோசி பரமு."

"பலகைய நான் படிக்கவே இல்ல. மணி தொங்குச்சி. இல்ல, அது முனியாண்டி அண்ணே வீடு. ஒரு நீல டிரம்மு இருந்துச்சி. ஆமா, நீல டிரம்மு."

இரண்டு வீட்டுக்கு ஒரு நீல டிரம் இருந்தது. வாளிகூட நீலமாக இருந்தது. ஒரு நாள் முழுவதும் எத்தனையோ பேரின் கேட்டைப் பார்க்கிறவளுக்கு, தேவைப்பட்ட ஒன்று மட்டும் கண்ணுக்குள் வரவில்லை. படத்திடம் கொடுத்துவிட்டதைக் கண் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை போலும். வழியில் சாலையோரமாக ஒரு அம்மா குடை பிடித்து நடந்தார். நாங்கள் இருவரும் ஒன்றாக மூச்சிழுத்தோம். அவர் வேறு யாரோ. அதே லோரோங்கில் மறுபடி நுழைந்தேன். மறுபடி.

அப்போது லேப்டாப் திரையின் மூலையில் ஒரு கட்டம் எழுந்தது. ஒலியைக் குறைத்து வைத்திருந்ததால் சத்தமே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது. லெட்சுமி அக்கா. சாம்பல் வட்டம்.

"எடு, எடு" என்றேன். அவள் விரல் எங்கெங்கோ அமுக்கி, கடைசியில் பச்சையைத் தொட்டது. ஒலியை நான் ஏற்றினேன்.

"ஹலோ! எந்த லெட்சுமி அக்கா?"

"எந்தன்னா? நாந்தான்லா."

"எங்கக்கா இருக்கீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா எங்கக்கா?"

"கேட்டுக்கு வெளிய, ஸ்டூலு போட்டு. எப்ப கூப்புட்டாலும் கட் பண்ணுறீங்க. ஏம்மா, வேன் வருமா வராதா? காலையிலயே பைய எடுத்து வச்சிட்டு நிக்கிறேன். இங்க வேற ஒரு வெள்ளக் காரு மூணு தடவ போவுது, வருது. கண்ணு தெரியாதவ ஓட்டுறா போல."

காரை நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு கேட்டின் தூணுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில், தொங்கிய போர்வையின் மறைவில், மடியில் பையோடு ஓர் அம்மா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீல டிரம் எதுவும் இல்லை.

5. நேரம்

காரில் ஏற்றும்போதுதான் தெரிந்தது, அவருடைய கைப்பேசி அதுவரை பைக்குள் துண்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. நாங்கள் கூப்பிட்டது அவர் காதில் விழவே இல்லை. எடுக்காமல் போன அழைப்புகளைக் காட்டியபோது, "அடேயப்பா, இத்தன தடவையா" என்று கொஞ்சம் பெருமையாகவே பார்த்தார்.

"ஏம்மா கட் பண்ணுன?"

"இந்த லேப்டாப்பு பண்ணிருச்சிக்கா" என்றாள் பரமேஸ்வரி, என்னைப் பார்க்காமல்.

"அதுக்குக் கை இருக்கா?"

 கேட்டுவிட்டு லெட்சுமி அக்காவே சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வழியெல்லாம் அந்த மூச்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு ஓட்டினேன். மையத்து வாசலில் தாதி எட்டிப் பார்த்து, "வாங்க வாங்க, உங்க மெஷின இப்பதான் தொடைக்கிறாங்க" என்றார். மற்ற இரண்டு லெட்சுமி அக்காக்களும் உள்ளே படுத்திருந்தார்கள். ஒருவர் சால்வை போர்த்தியிருந்தார்.

பரமேஸ்வரி வெளிப்படியில் உட்கார்ந்து அழுதாள். லேப்டாப் இன்னும் திறந்தபடியே அவள் மடியில் இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது சின்ன விஷயம். இணைக்கும் முன் படங்களையும் சேர்த்து வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். எது கைப்பேசிக்குள் மட்டும் இருக்கிறது, எது அக்கவுண்டில் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். மெஷின் ஒன்றாக்கவா என்று கேட்டால் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்புங்கள். நம் ஆட்களின் தொடர்புப் பட்டியல் முழுக்க அக்காவும் அண்ணனும்தான். அதில் யார் யார் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். கடைக்காரர் அவசரப்படுத்துவார். அவசரப்படுத்தட்டும்.

அந்த லேப்டாப் அவ்வப்போது சர்வீஸுக்கு வருகிறது. பரமேஸ்வரி இன்றுவரை பெயர்களோடு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கேட் படங்களைத் திரும்ப எடுத்தாள், இம்முறை அக்கவுண்டிலும் ஏற்றினோம். அவ்வளவுதான். திறந்தவுடன் மஞ்சள் பட்டை எழும்: ஒரே பெயரில் மூன்று பேர், ஒன்றாக்கவா?

திரையைத் திருப்புவேன்.

"இல்லலா" என்பாள். "அவங்க மூணு பேரு."